ஐந்துக்கு எத்தனை

மண்டபம். நண்டு உரிக்கும் கூடம்.
ஈரத் தரையில் என் செருப்பு மட்டும் காய்ந்திருக்கிறது.
மடியில் இருபத்து நான்கு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம்.
ஓசாகாவில் எழுதி, ஹாம்பர்க்கில் திருத்தி,
மதுரையில் மாடி வாடகை வீட்டில்
நான் தமிழாக்கியவை.

'உடன்படுகிறேன் என்றும் சொல்ல இயலாது,
மறுக்கிறேன் என்றும் சொல்ல இயலாது.'
மூன்றாம் வட்டத்துக்கு
ஒரு முழு மதியம் செலவானது எனக்கு.
படித்துக் காட்டியதும் நம்புநாயகி சிரித்தாள்:
"பரவாயில்லைன்னு போடுங்க, முடிஞ்சுச்சு."

முடியவில்லை.
பரவாயில்லை எந்த வட்டம்?
குரல் ஏறினால் நான்கு.
தோள் குலுக்கலோடு வந்தால் இரண்டு.
துட்டி கேட்கப் போன வீட்டில் சொன்னால்
அதற்கு எண்ணே கிடையாது.
நேற்று திரை உறைந்து நிற்க,
பெட்டிக்குள் ஐஸ் உருகி ஓட,
வெளியே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்த,
அவள் அதைச் சொன்னபோது
பக்கத்தில்தான் இருந்தேன்.
எதையும் குறிக்கவில்லை.

கேள்வி ஏழு:
தேவையான தகவல் தேவையான நேரத்தில் கிடைக்கிறதா?
கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
இருட்டிலிருந்து பதில் வந்தது:
"அஞ்சு."
கூடவே எனக்கொரு டீயும்.

திரையில் நண்டுக்கு ஒரே பெயர்: 'நண்டு, நீலம்.'
ஓலைக்காலும் முக்கண்ணும்
சினையோடு வந்ததும் ஓடு இளகியதும்
அதற்குள்தான் போய் விழவேண்டும்.
பிரித்து எழுத
விசைப்பலகைக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு,
மூலை மடங்கி, உப்புப் பூத்து.
"இது எதுக்கு?"
பதிவேற்றும் ஜீனத் நிமிராமல் சொன்னாள்:
"இது ஓடுறதாலதான் அது ஓடுது."
என் இருபத்து நான்கில்
நோட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

பிறகு சராசரி.
ஹாம்பர்க்: இரண்டு புள்ளி ஒன்று.
ஓசாகா: மூன்று, மூன்று, எல்லாமே மூன்று.
மண்டபம்: நான்கு புள்ளி ஒன்பது.
அதே மென்பொருள், அதே உறைதல்.
காணொளியில் ஆறு முகங்கள் எங்களைப் பாராட்டின.
மண்டபத்தில் திருத்த ஏதுமில்லை என்று
திருத்தப் பணத்தை ஹாம்பர்க்குக்கு ஒதுக்கின.

வாடை தொடங்கிய வாரம் திரும்பப் போனேன்.
"எல்லாத்துக்கும் ஏன் அஞ்சு போட்டீங்க?"
நம்புநாயகியின் விரல் நிற்கவில்லை,
காலை முறித்தாள், சதையை உருவினாள்.
"இத எழுதுன புள்ளைக்கு யாரு கூலி குடுக்குறா?"
அங்கேயே ஒரு கம்பெனி.
"நாங்க ரெண்டு போட்டா
அதக் கூப்பிட்டு வச்சுக் கேப்பாகளா?"
கேட்பார்கள்.
"அப்ப அஞ்சே இருக்கட்டும்."

அவள் தலைக்கு மேல் கரும்பலகை.
பெயர், பெயருக்கு நேரே
நேற்று உரித்த சதை, கிராமில்.
கடைசி மூன்று பெயருக்கு
இன்று வேலை இல்லை.
நான் இத்தனை நாளும்
அதைச் சுவர் என்று நினைத்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் 'பிற கருத்துகள்'.
அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டினேன்:
சினை நண்டுக்குத் தனியா ஒரு எடம் குடுங்க.
கரண்ட் போனா எழுதுனது போகக் கூடாது.
அவசரமில்ல, முடிஞ்சப்பச் செய்யுங்க.
புள்ளையள நல்லா வச்சுக்கிருங்க.
மொழிபெயர்க்கவில்லை.
மூன்றாம் வட்டத்தில் நான் பட்ட பாட்டை
அவர்களும் ஒரு மதியம் படட்டும்.

இருபது நாள் கழித்துத் தலைமையகம் கேட்டது:
மண்டபத்திலிருந்து
ஒரு பக்கம் முழுக்க வெற்றுக் கட்டங்கள் வந்துள்ளன.
ஏன்
ஒன்றைக்கூட நிரப்பவில்லை?